ஃப்ரிட்ஜோடு போன வெர்லீன்

வெர்லீன் எங்கேயும் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இன்றைக்கும் மெம்ஃபிஸில் தலை நரைத்த யாரையாவது நிறுத்தி, பாடகர் ஹோசியா டார்ப்லியைத் தெரியுமா என்று கேட்டால், "அடப் பாவமே, பொண்டாட்டி ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டு ஓடிட்டாளே, அந்த ஆள்தானே?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பக்கத்து வீட்டுக்காரி. ஓசெல்லா என்று பெயர். எங்கள் சபையில் ஆர்கன் வாசித்தே விரல் தேய்ந்தவள். அந்த ஃப்ரிட்ஜ் எங்கே இருந்தது, வெர்லீன் எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியாதா? இரண்டுமே சமையலறையில்தான் இருந்தன. ஒன்று நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். மற்றதும் அப்படித்தான்.

ஹோசியா ஆற்றுக்கு அந்தப் பக்கம், அர்க்கன்சா மாநிலத்துப் பருத்திக் காட்டில் பிறந்தவன். பருத்தி பறிக்கிற பிழைப்பே வேண்டாம் என்று பாலம் தாண்டி மெம்ஃபிஸுக்கு ஓடி வந்து, இங்கே ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் பஞ்சு அடைக்கிற வேலையில் சேர்ந்தான். அவன் தப்பிக்கிற லட்சணம் அது. வேலை முடிந்து வரும்போது தலை, புருவம், காது மடல் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். சனிக்கிழமை கிளப்பில் அப்படியே மேடையேறுவான். பார்க்கிறவர்கள், "இந்த வயசிலேயே சோகத்தில் நரைத்துவிட்டதே" என்று உச்சுக்கொட்டுவார்கள்.

குரலில் ஒரு விம்மல் உண்டு. வரி முடிகிற இடத்தில் தொண்டை அடைத்து, மூக்கு ஏறி, உடைந்து இறங்கும். அதற்காகவே பெண்கள் கைக்குட்டையோடு வருவார்கள். அது என்ன விம்மல் என்று எனக்குத் தெரியும். பஞ்சுத் தூசி அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. வெறும் மூக்கடைப்பு. தொழிற்சாலைக்கு விடுமுறை விட்டால் மூக்கு திறந்துவிடும். பாட்டு, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஆகிவிடும். அதனால் அவனைப் பாட வைத்து இசைத்தட்டு போடுகிற டாப்னி, கையில் எப்போதும் ஒரு பழைய தலையணை வைத்திருப்பான். பாடுவதற்கு முன்னால் ஹோசியா அதில் முகத்தைப் புதைத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் மைக்கின் முன் நிற்க வேண்டும்.

ஹோசியா பாடுகிற சோல் பாட்டு என்பது வேறொன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைச் சனிக்கிழமைக்குத் திருப்பிப் போடுவது. 'கர்த்தாவே' வருகிற இடத்தில் 'கண்ணே' போட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குக் கஷ்டம் வேண்டும். ஹோசியாவின் கஷ்டம் என்னவென்றால், அவனுக்குக் கஷ்டமே கிடையாது. வெர்லீனைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து ஆள் சந்தோஷமாக இருந்தான். காலையில் சோளக் கஞ்சி, மாலையில் கீரையும் கோழி வறுவலும், இடையிடையே நல்ல திட்டு. ஒரு பாட்டெழுதிக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் எதுவும் இல்லை.

டாப்னியின் ஸ்டுடியோ ஒரு மூடிப்போன டயர்க் கடையில் இருந்தது. ஒரு நாள் ஹோசியா அங்கே புதுப் பாட்டு பாடிக் காட்டினான். நானும் பியானோ வாசிக்கப் போயிருந்தேன். டாப்னி பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"ஏம்ப்பா, பொண்டாட்டி போயிட்டா, போயிட்டான்னு பாடுறே. இந்த ஊர்ல யார் பொண்டாட்டிதான் போகல? எனக்கே ரெண்டு பேர் போயிருக்காங்க. போகும்போது எதை எடுத்துக்கிட்டுப் போனா? அதைச் சொல்லு, அப்பத்தான் வயிறு எரியும்."

ஹோசியா மூளையைக் கசக்கினான். மூலையில் சோடா வைக்கிற ஃப்ரிட்ஜ் ஒன்று நின்றது. "ஃப்ரிட்ஜ்?" என்றான்.

டாப்னி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "ஐயோ! மெம்ஃபிஸ் வெயில்ல ஃப்ரிட்ஜையா? என்ன பொம்பளைய்யா அவ! பேர் என்ன அவளுக்கு? சீக்கிரம், டேப் ஓடுது!"

ஹோசியாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பெண் பெயர்தான் தெரியும். வாயில் அதுதான் வந்தது.

"வெர்லீன் போனாளே, வெயில் காலத்தில் போனாளே,
பாலும் போச்சு, ஐஸும் போச்சு, ஃப்ரிட்ஜையும் கொண்டு போனாளே!"

அந்தக் கோடையில் அந்தப் பாட்டு ஓடாத ரேடியோ இல்லை. முடிதிருத்தும் கடை, மீன் வறுவல் கடை, கார் ஜன்னல், எங்கே பார்த்தாலும் வெர்லீன் போய்க்கொண்டே இருந்தாள். போனதாகச் சொல்லப்பட்டவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது முதன்முதலாகக் கேட்டாள்.

"நான் எப்பய்யா போனேன்?"

"சும்மா பாட்டுதானே கண்ணு."

"அப்ப உங்கம்மா பேரைப் போட்டிருக்க வேண்டியதுதானே?"

என்றாலும் அவளும் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். பாட்டுதானே என்று விட்டுவிட்டாள். அங்கேதான் இரண்டு பேரும் எங்கள் சபையை மறந்துபோனார்கள். எங்கள் சபையில் பேச்சு வேறு, பாட்டு வேறு. பேசுகிறவர் மரியாதைக்காக ஒன்றைக் கூட்டுவார், ஒன்றைக் குறைப்பார். யாரும் கண்டுகொள்ள மாட்டோம். ஆனால் பாடினால் அது சாட்சி. வாழாததைப் பாடக் கூடாது என்று பால்மணம் மாறாத பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்து வளர்ப்போம். அது சனிக்கிழமைப் பாட்டுக்குப் பொருந்தாது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

ஆகவே தட்டுகள் வர ஆரம்பித்தன. எங்களில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் அடுத்த நாளே அலுமினியத் தாள் மூடிய சாப்பாட்டுத் தட்டுகள் வாசலுக்கு வந்துவிடும். முதல் தட்டோடு வந்தவள் சிஸ்டர் ஐடெல்லா. பெரிய தொப்பி, பெரிய மனசு, அதைவிடப் பெரிய மூக்கு. எல்லார் விஷயத்திலும் அதை நுழைப்பாள். அவளுடைய வெண்ணெய் கேக் சபை முழுக்கப் பிரசித்தம். கதவைத் திறந்தது வெர்லீன். என் ஜன்னலிலிருந்து எல்லாம் கேட்டது.

"சிஸ்டர் வெர்லீன்! திரும்பி வந்துட்டியா!"

"நான் போகவே இல்ல சிஸ்டர்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஃப்ரிட்ஜ்?"

"அதுவும் போகல."

ஐடெல்லா நேரே சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். "பரவாயில்ல, முட்டைகூட உடையாமத்தான் திருப்பிக் கொண்டாந்திருக்கே" என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, கேக்கை ஹோசியாவின் கையில் மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஹோசியா வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். சொன்னானா? இல்லை. வருகிற தட்டையெல்லாம் துக்க முகத்தோடு வாங்கி, சந்தோஷ முகத்தோடு தின்றான். இலையுதிர் காலம் வருவதற்குள் மேடைக் கோட்டின் பொத்தான் மாட்டவில்லை.

வெர்லீனுக்குப் புகழும் வேண்டாம், தட்டும் வேண்டாம். அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்கு. எங்கள் சபையில் வெள்ளைக் கையுறைக் குழு என்று ஒன்று உண்டு. வெள்ளை உடையும் வெள்ளைக் கையுறையும் போட்டு நடைபாதையில் நின்று, வருகிறவர்களுக்கு இடம் காட்டி, விசிறி கொடுத்து, பரிசுத்த ஆவியில் நிறைந்து விழுகிறவர்களைத் தரையில் விழாமல் பிடிக்கிறவர்கள். அதில் வெர்லீனை மிஞ்ச ஆளில்லை. எருமைக்கடா கணக்காக இருக்கிற மூப்பரைக்கூட ஒற்றைக் கையால் தாங்குவாள். தலையில் தொப்பி அசையாது. அந்தக் குழுவின் தலைவி சிகாகோவில் மகள் வீட்டோடு போய்த் தங்கிவிட்டதால் பதவி காலியாக இருந்தது. தலைவிக்கென்று இருக்கிற தங்க ஜரிகைப் பட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது முன் வரிசைக்கு நடக்க வேண்டும் என்று, கையுறையைத் துவைத்துக் கஞ்சி போடும்போதெல்லாம் என்னிடம் சொல்வாள்.

பாஸ்டர் ஸ்டோக்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், எனக்கு உங்க மேல நம்பிக்கைதான். ஆனா சபை முணுமுணுக்குது. புருஷனை விட்டுட்டுப் போன பொம்பள எங்களுக்கு இடம் காட்டுறதான்னு கேக்குறாங்க. குழுவோட ஆண்டு விழா வரைக்கும் பொறுங்க, அன்னைக்குத்தான் தலைவியை அறிவிப்பேன். சிஸ்டர் ஐடெல்லா பேரும் அடிபடுது."

அன்றைக்கு வெர்லீன் கோழியைக் கழுவிய கழுவலில் எலும்பு தனியாக வந்துவிட்டது.

"இங்க பாரு ஹோசியா. வர்ற ஞாயித்துக்கிழமை நீ எழுந்து நின்னு, அது பொய்னு சொல்றே."

டாப்னி இதைக் கேட்டதும் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அடப் பாவி, சந்தோஷமா இருக்கிற சோல் பாடகனா? வழுக்கைத் தலையன் சீப்பு விக்கிற மாதிரி இருக்கும்யா. உன்னை எவன் வாங்குவான்?"

இருந்தும் ஹோசியா எழுந்து நின்றான். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். "சகோதர சகோதரிகளே, என் மனைவி என்னை விட்டுப் போனதில்ல. ஒரு நாள்கூட இல்ல. ஃப்ரிட்ஜும் வீட்லதான் இருக்கு" என்றான். தொழிற்சாலையிலிருந்து மூக்கில் மிச்சமிருந்த பஞ்சு அந்த நேரம் பார்த்து வேலையைக் காட்டிவிட்டது. 'இருக்கு' என்ற இடத்தில் குரல் உடைந்தது.

சபை ஓவென்று அழுதது. "எவ்ளோ பெரிய மனசு! அவளைக் காட்டிக்கொடுக்கிறானா பாரு!" என்று பின் வரிசையில் ஒருத்தி தேம்பினாள். பாஸ்டர் ஸ்டோக்ஸ் எழுந்து வேதாகமத்தை உயர்த்தினார். "வேதத்துல ஒரு ஓசியா இருந்தார்! ஓடிப்போன மனைவியை மன்னிச்சு மறுபடியும் சேத்துக்கிட்டார்! இன்னைக்கு அதே பேரோட நம்ம நடுவுல ஒருத்தர்! ஆமென் சொல்லுங்க!" சொன்னார்கள். கட்டிடமே ஆடியது. அந்த வாரம் தட்டுகள் இரண்டு மடங்காக வந்தன.

திங்கட்கிழமை காலை வெர்லீன் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். தலையில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி.

"ஓசெல்லா, உன் தம்பி லாரி சும்மாதானே நிக்குது?"

"எதுக்குடி?"

"பேரைத்தான் வாங்கியாச்சே. காரியத்தையும் செஞ்சிடறேன்."

என் தம்பியும் அவன் கூட்டாளியும் ஃப்ரிட்ஜை லாரியில் ஏற்றினார்கள். வெர்லீன் முன்னால் ஏறி உட்கார்ந்து, தெரு நெடுகக் கையுறை போட்ட கையை ஆட்டிக்கொண்டே, சற்றுத் தள்ளியிருந்த தங்கை வீட்டுக்குப் போனாள். ஐடெல்லா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்: "மறுபடியும் போறா! மறுபடியும் அதே ஃப்ரிட்ஜ்!"

ஹோசியா வேலை முடிந்து வந்து சமையலறைச் சுவரில் ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தைப் பார்த்தான். அங்கே மட்டும் பெயின்ட் வெளுக்காமல் சதுரமாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் இலையுதிர் காலத்திலும் வெயில் விடாது. தட்டுகள் வந்தன; வைக்க இடமில்லை. கோழி கெட்டது, கீரை புளித்தது, இனிப்பையெல்லாம் எறும்பு எடுத்துக்கொண்டது. பால் போனது, ஐஸ் போனது. அவன் எழுதியது ஒன்றுவிடாமல் நடந்தது.

சனிக்கிழமை கிளப்பில் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். வாத்தியம் தொடங்கியது. "வெர்லீன் போனாளே" என்றான். அவ்வளவுதான். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. டாப்னி தலையணையை நீட்டினான். அதைத் தள்ளிவிட்டு அப்படியே நின்றான். பாவம், அன்றைக்குத்தான் முதன்முதலாக அவனுக்கு அந்தப் பாட்டின் அர்த்தம் தெரிந்தது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. "இதைத்தான்யா நான் இத்தனை நாளா கேட்டேன்!" என்று டாப்னி கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

மறுநாள் மாலை ஹோசியா மச்சினி வீட்டுக்குப் போனான். வெர்லீன் வலைக்கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே பேசினாள்.

"என்ன?"

"பால் கெட்டுப்போச்சு."

"அப்பறம்?"

"வீட்ல சத்தமே இல்ல வெர்லீன். தூக்கம் வரல."

"அப்பறம்?"

அவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். "உன் பேரைக் கெடுத்துட்டேன். எனக்கு வாய்க்கு ருசியா இருந்துச்சு, நீ பட்டதை நான் பாக்கல."

"அதை எங்கிட்ட ஏன்யா சொல்றே? ஊருக்குச் சொல்லு. முதல்ல எப்படிச் சொன்னியோ, அப்படியே சொல்லு."

அங்கிருந்து அவன் ஓட்டமும் நடையுமாக என் வீட்டுக்கு வந்தான். பியானோ மூடியை அவனே திறந்தான். "ஓசெல்லா, பேசினா நம்ப மாட்டாங்க. பாடினாத்தான் நம்புவாங்க. உக்காரு." உண்மையை எழுதிப் பழக்கமில்லாத ஆள், அந்த வாரம் முழுக்க மாலைகளில் என் உயிரை வாங்கிவிட்டான். உண்மைக்கு எதுகை கிடைக்கவில்லை என்று ஒருமுறை அழுதே விட்டான்.

வெள்ளைக் கையுறைக் குழுவின் ஆண்டு விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நடந்தது. பாஸ்டர் தலைவியை அறிவிக்க வேண்டிய நாள். வெர்லீன் வந்திருந்தாள். புருஷனை விட்டாலும் கடமையை விட மாட்டாள். நடைபாதையில் நிமிர்ந்து நின்றாள், இடது கை முதுகுக்குப் பின்னால். அவள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹோசியா எழுந்து முன்னால் வந்தான். தலையில் பஞ்சு இல்லை. விம்மல் வந்துவிடக் கூடாதென்று அந்த வாரம் லீவு போட்டிருந்தான். நான் ஆர்கனைத் தொட்டேன்.

"வெர்லீன் எங்கே போனாள்? எங்கேயும் போகவில்லை.
பொய்யாய்ப் போனது என் வாய்தான், அவள் கால் போகவில்லை."

விசிறிகள் நின்றன. யாரும் ஆமென் சொல்லவில்லை. இதுவும் பெரிய மனசுதானோ என்று சந்தேகத்தோடு பார்த்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த அடிக்குப் போனான். சத்தியமாகச் சொல்கிறேன், அதை நாங்கள் சேர்ந்து எழுதவில்லை.

"இரங்கித் தந்த கோழி தின்றேன், கீரை தின்றேன், எல்லாம் தின்றேன்.
ஐடெல்லா சிஸ்டர் கேக்கும் தின்றேன், அதில் விக்கி விக்கி நின்றேன்.
வறண்ட கேக், அம்மா, வறண்ட கேக், தண்ணீர் தேடி நின்றேன்!"

ஐடெல்லாவின் கேக் பாலைவனம் என்று எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்திலும் சாவிலும் அதைத் தின்று, தண்ணீர் குடித்து, "அருமை சிஸ்டர்" என்று சொல்லியே நாங்கள் காலத்தைக் கழித்திருந்தோம். வாயைத் திறந்து ஒருவரும் சொன்னதில்லை. பின் வரிசையில் அந்தப் பெரிய மூப்பர் மெதுவாக எழுந்தார். கையைத் தூக்கினார்.

"உண்மை!" என்றார்.

"பாடு பிரதர்! வறண்டதுதான்!" என்று இன்னொருத்தி எழுந்தாள். அப்புறம் சபை மொத்தமும் எழுந்தது. இதைச் சொல்லத் துணிந்தவன் வேறெதிலும் பொய் சொல்ல மாட்டான் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. "அப்ப வெர்லீன் போகவே இல்லையா!" "ஐயோ, நாம அந்தப் பொண்ணை என்னவெல்லாம் சொன்னோம்!" கைதட்டலில் என் ஆர்கனே எனக்குக் கேட்கவில்லை.

ஐடெல்லா எழுந்தாள், தொப்பியோடு சுழன்றாள், விழுந்தாள். அது ஆவியா, ஆத்திரமா, எனக்குத் தெரியாது. ஆனால் அவள் தரையில் படுவதற்குள் வெர்லீன் அங்கே இருந்தாள். ஒற்றைக் கை ஐடெல்லாவின் முதுகில். மறு கை பின்னால் போய், விசிறி கொண்டு வரச் சொல்லி மற்றவர்களுக்குச் சைகை காட்டியது. இரண்டு தொப்பியும் அசையவில்லை. ஐடெல்லா கண்ணைத் திறந்து, அவள் கைமேல் சாய்ந்தபடியே கேட்டாள்: "நிஜமாவே வறண்டு போயா இருக்கு?"

"கொஞ்சம் மோர் ஊத்திப் பிசைங்க சிஸ்டர்" என்றாள் வெர்லீன்.

பாஸ்டர் ஸ்டோக்ஸ் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. தங்க ஜரிகைப் பட்டையை அங்கேயே அவள் நெஞ்சில் குத்தினார். வெர்லீன் முன் வரிசைக்கு நடந்தாள். நான் வாசிக்க வேண்டியதை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் லாரி ஃப்ரிட்ஜோடு திரும்பி வந்தது. தட்டுகளும் வந்தன, இந்த முறை வெர்லீனுக்கு. அவள் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தின்றாள். ஹோசியா எதிரே உட்கார்ந்து பார்க்க மட்டும் அனுமதி.

டாப்னி அந்தப் பாட்டையும் இசைத்தட்டாகப் போட்டான். ஓடவில்லை. ஐடெல்லாவின் கேக்கைத் தின்னாத ஊர்களில் அதற்கு என்ன அர்த்தம்? ஹோசியாவின் பெயர் மெல்ல மங்கியது. வெளியூர்களில் பழைய பாட்டைத்தான் கேட்டார்கள். அவன் பாடுவான், ஆனால் வெர்லீன் மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஓய்வு பெறுகிறவரை மெத்தைக்குப் பஞ்சு அடைத்தான். கஷ்டம் இல்லாமலே காலம் போனது.

போன குளிர்காலத்தில் வெர்லீன் இறந்துபோனாள். வெள்ளை உடை, கஞ்சி போட்ட கையுறை, நெஞ்சில் தங்கப் பட்டையோடு கிடத்தினோம். கையுறைக் குழு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றது. ஹோசியாவைப் பாடச் சொன்னார்கள். முடியாதென்று தலையை ஆட்டிவிட்டான். நான் வாசித்தேன்.

மண் போட்டுவிட்டு வந்தபோது வீடு நிறையத் தட்டுகள். ஐடெல்லா கோலை ஊன்றிக்கொண்டு கேக் கொண்டு வந்திருந்தாள். மோர் சேர்த்தும் அது அப்படியேதான் இருந்தது. ஹோசியா அவள் எதிரில் இரண்டு துண்டு தின்றான், தண்ணீர் கேட்கவில்லை.

எல்லாரும் போனபின் மிச்சத் தட்டுகளை எடுத்துவைக்கச் சமையலறைக்குப் போனேன். அவன் அங்கே நின்றிருந்தான். அதே ஃப்ரிட்ஜ், எத்தனையோ ரிப்பேர் பார்த்தது, கைப்பிடியில் டேப் சுற்றியது, உறுமிக்கொண்டிருந்தது. அவன் அதன் கதவில் உள்ளங்கையை வைத்தான்.

"ஓசெல்லா," என்றான், "இந்தத் தடவை இதை விட்டுட்டுப் போயிட்டா."

நான் தட்டுகளை எடுத்து உள்ளே அடுக்கினேன், அவன் கதவைப் பிடித்துக்கொண்டான்.